"இருதய வருத்தம்" என்ற ஒரே பெயரில் எத்தனை வருத்தங்கள்? அம்மா அப்பாவின் குளிசையைப் போட்டதால் வந்த கேள்வி

மண்டூர் மகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இருதய வருத்தம். அப்பாவுக்கு 66 வயது. மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, நாடியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 58. அவருடைய வால்வு சுருங்கியிருப்பதாகவும் துடிப்பு ஒழுங்கில்லை என்றும் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. இருவருக்கும் கிளினிக் நாள் வேறு வேறு. ஆனால் குளிசைகள் இருந்தது ஒரே பிஸ்கட் டின்னில்.

போன மார்கழி மழையில் வெள்ளாவெளிப் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. குருமண்வெளி ஓடமும் நின்றுவிட்டது. அம்மாவின் கிளினிக் திகதி அந்தக் கிழமையில்தான் வந்தது, குளிசையும் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "அவருடையதும் இருதயக் குளிசைதானே, தண்ணீர் வடியும்வரை அதைப் போடு" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவும் தன்னுடைய வார்ஃபரினுக்குப் பதிலாக அப்பாவின் அஸ்பிரினைப் போட்டுக்கொண்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவரின் கை தளர்ந்து, கையில் இருந்த தேங்காய்ப் பாதி உருண்டு ஓடியது. வாய் ஒரு பக்கம் கோணியது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. இருபது நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அம்மா "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து உலை வைக்கப் போனார். நான் விடவில்லை. தம்பி உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தான். தண்ணீரைக் கடந்து வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். இருதயத்தில் உருவான சிறு இரத்தக் கட்டி மூளை வரை போய், தானாகக் கரைந்திருக்கிறது என்றார்கள். கரையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு முடியவில்லை.

நான் படித்தவள். என் வீட்டில் இருக்கும் இரண்டு வருத்தங்களும் வேறு வேறு என்று அம்மாவுக்கு ஒருநாளும் நான் விளங்கப்படுத்தவில்லை. இப்போதாவது செய்ய வேண்டும். இருதய வருத்தம் எத்தனை வகை, எது எதனால் வருகிறது, அம்மாவுக்கு விளங்கும் சொல்லில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

மகள், நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வாட்டில் நின்றவள் சொல்கிறேன்: குளிசை மாறிப் போட்டு வந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அம்மா சொன்ன பிறகும் நீங்கள் கொண்டுபோனீர்களே, அதுதான் பெரிய காரியம். அப்படி வந்து போகும் தளர்ச்சிக்குப் பிறகு முழுமையான பாரிசவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம்.

"இருதய வருத்தம்" என்பது "வயிற்று வருத்தம்" என்பதைப் போன்ற ஒரு சொல். வயிற்று வருத்தம் என்றால் குடற்புண்ணா, பித்தக் கல்லா, குடல்வால் அழற்சியா? மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்போமா? இருதயமும் அப்படித்தான். அதற்குத் தசை இருக்கிறது, அந்தத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் நாடிகள் இருக்கின்றன, நான்கு அறைகள், நான்கு வால்வுகள், துடிக்கச் சொல்லும் மின்பாதை, சுற்றிலும் ஒரு உறை. ஒவ்வொன்றிலும் தனித்தனியே பழுது வரலாம்.

அம்மாவுக்கு ஏன் அஸ்பிரின் உதவவில்லை என்பதை மட்டும் இன்று சொல்கிறேன். அப்பாவின் நாடிச் சுவரில் கொழுப்புப் படிந்திருக்கிறது. அந்தப் படிவு வெடித்தால், காயத்தில் வந்து ஒட்டுவதுபோல் குருதிச் சிறுதட்டுகள் அங்கே வந்து ஒட்டிக் கட்டியாகும். அஸ்பிரின் அந்தத் தட்டுகளை ஒட்டவிடாது. அம்மாவின் சிக்கல் வேறு. வால்வு சுருங்கியதால் அதற்கு மேலே உள்ள இடது சோணையறை, அதாவது இடது மேலறை, பெருத்துவிட்டது. அது ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் தானாக உறைகிறது. அந்த உறைதலைத் தடுப்பது வார்ஃபரின். அஸ்பிரின் அந்த இடத்துக்குப் போதாது. மறுபக்கம், இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரத்தம் கசியும் ஆபத்து ஏறும். மருத்துவர் பார்த்துச் சிலருக்கு மட்டும்தான் அப்படிக் கொடுப்பார்.

இன்றைக்கே அந்தப் பிஸ்கட் டின்னை இரண்டாக்குங்கள்.

வட்டைக்காரன், வெள்ளாவெளி

நான் விவசாயி. எனக்கு விளங்கியபடி சொல்கிறேன், பிழை இருந்தால் அக்கா திருத்த வேண்டும்.

இருதயம் உடம்பு முழுவதற்கும் தண்ணீர் பாய்ச்சுகிறது. ஆனால் அதற்கும் சொந்தமாக ஒரு வயல் இருக்கிறது, அந்த வயலுக்கும் தண்ணீர் வேண்டும். சொந்த வயலுக்குப் போகும் வாய்க்கால் அடைபட்டால் அது அப்பாவுக்கு வந்த வருத்தம். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் துரிசுக் கதவு முழுதாகத் திறக்காமல் மேலே தண்ணீர் முட்டி நிற்பது அம்மாவுக்கு வந்த வருத்தம். துடிப்பு ஒழுங்கில்லை என்பது, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை முறை வைத்துத் தண்ணீர் விடாமல் நினைத்த நேரம் திறந்து நினைத்த நேரம் பூட்டுவது. சரியா?

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

தம்பி, இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன். கிளினிக்கில் இருந்த காலத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! இரண்டு இடத்தில் மட்டும் திருத்துகிறேன்.

வாய்க்கால் மண் சேர்ந்து மெல்ல மெல்லத் தூர்ந்து போகும். நாடியும் அப்படி ஒடுங்குவது உண்டு. அப்போது நடந்தால், மாடி ஏறினால், மண்வெட்டி பிடித்தால் நெஞ்சு இறுகும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். அது மார்பு நெரிப்பு. மாரடைப்பு பெரும்பாலும் வேறு விதமாக வருகிறது. நாடியைப் பாதிகூட அடைக்காத ஒரு சிறு படிவின் மேல்தோல் கிழியும். அங்கே கட்டி உருவாகி, சில நிமிடங்களில் நாடி முழுவதும் அடைபடும். நேற்றுவரை ஒரு குறையும் இல்லாமல் சூடடித்தவர் இன்று விழுவது இதனால்தான். கொலஸ்ட்ரோல் குளிசையை அளவு குறைந்த பிறகும் நிறுத்தாமல் தருவதும் இதனால்தான்: அது படிவின் மேல்தோலை உறுதியாக்குகிறது. "கொலஸ்ட்ரோல் இறங்கிவிட்டது, குளிசை எதற்கு?" என்று விட்டுவிட்டு ஆறு மாதத்தில் வாட்டுக்கு வந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது துரிசு. துரிசை ஆள் நின்று திறக்க வேண்டும். வால்வை யாரும் திறப்பதில்லை. இரத்தத்தின் அழுத்தமே தள்ளித் திறக்கிறது, அழுத்தம் மாறினால் தானே மூடிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை! பழுதும் இரண்டு விதம். திறக்க முடியாமல் சுருங்குவது ஒன்று, மூட முடியாமல் பின்னுக்குக் கசிவது மற்றது. ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள இருகூர் வால்வு சுருங்கினால், அதைச் சிலருக்கு நெஞ்சைத் திறக்காமலே, தொடை நாளத்தின் வழியாகப் பலூனை அனுப்பி விரிக்கலாம். அம்மாவுக்கு அது பொருந்துமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், மகள்.

வட்டைக்காரன், வெள்ளாவெளி

நன்றி அக்கா. ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. என் மச்சான் இரண்டு மாதமாக, வரம்பில் உரமூட்டை தூக்கிக்கொண்டு நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, இறக்கி வைத்தால் விடுகிறது என்கிறார். வாய்வு என்று சொல்லி உள்ளியும் ஓமமும் அவித்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். 49 வயது. புகைப்பவர்.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

இந்தக் கிழமைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். மூட்டையைத் தூக்காமல் சும்மா இருக்கும்போது ஒரு தடவை இறுகினாலும், முன்பைவிடக் கொஞ்ச நடையில் இறுகினாலும் கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். வாய்வுக்கு உரமூட்டை தெரியாது, தம்பி. பாரம் தூக்கினால் வந்து, இறக்கினால் போகும் நோ வாய்வு அல்ல.

கல்முனைக்குடியான்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நெஞ்சு இறுகுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வாப்பாவுக்கு நெஞ்சே நோகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம், பதினேழு வருடம். ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தார். சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு வேர்த்தது. ஓங்காளம். முகம் சாம்பல் நிறம். "களைப்பாக இருக்கிறது மகன்" என்றார், அவ்வளவுதான். சீனி இறங்கிவிட்டது என்று நினைத்து உம்மா தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. காக்கா (அண்ணன்) வந்து பார்த்துவிட்டு, "இரத்தம் குத்திச் சீனியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தால் 240. சீனி இறங்கவே இல்லை. அதன்பிறகுதான் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தோம். ஈசிஜி எடுத்த உடனேயே மாரடைப்பு என்றார்கள்.

வாப்பா உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி வேலை செய்வதில்லை. அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு மறக்காது.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

தம்பி, இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. நீண்டகாலச் சீனி வருத்தம் நரம்புகளைப் பாதிக்கும். நோவைச் சொல்ல வேண்டிய நரம்பு சொல்லாமல் விட்டுவிடும். பெண்களிலும் வயதானவர்களிலும் இப்படி மறைந்து வருவது அதிகம்: மூச்சு முட்டுதல், தாடை நோ, முதுகு நோ, காரணமில்லாத களைப்பு, வாந்தி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவது நாடகத்தில் வருவது. பலருக்கு நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல் இருக்கும், அது இடது கைக்கோ கழுத்துக்கோ பரவும்.

அடைபட்ட நாடியைத் திறக்க இரண்டு வழி. கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து, அல்லது குழாய் விட்டுப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது. கரைக்கும் மருந்தை நோ தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் கொடுப்பார்கள். ஆனால் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அது காப்பாற்றும் தசையைப் பிறகு காப்பாற்ற முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வர முடியாத இடமென்றால் கிடைக்கும் வாகனத்தில், ஈசிஜி எடுக்கக்கூடிய மிக அருகிலுள்ள வைத்தியசாலைக்கு. நோயாளி தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வாமையோ இரத்தப்போக்கோ இல்லாதவரென்றால், அழைப்பை எடுப்பவர் சொன்னபடி 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கலாம். மண்டூர் மகளின் அம்மாவைப் போல வார்ஃபரின் எடுப்பவர் கேட்காமல் எடுக்கவே கூடாது.

இன்னொன்று. முதல் ஈசிஜி சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. நோ இருந்தால் திரும்பவும் எடுப்பார்கள், இருதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். அது ஏறுவதற்குச் சில மணித்தியாலம் எடுக்கும். "ஈசிஜி நல்லது என்றார்கள், ஏன் மறித்து வைத்திருக்கிறார்கள்?" என்று சண்டை பிடித்துக் கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஆரையம்பதி இளைஞன்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் உயிர் தப்பலாம் என்று. இன்னொன்று, இஞ்சி, உள்ளி, தேசிக்காய், தேன் சேர்த்துக் காய்ச்சிய சாறு நாடி அடைப்பைக் கரைக்கும் என்று. எங்கள் மாமா இரண்டாவதைப் போத்தல் போத்தலாகக் குடிக்கிறார். உண்மையா?

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

இருமல் செய்தி பொய். நினைவோடு இருமக்கூடியவர் செய்ய வேண்டியது உதவிக்கு அழைப்பது, கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பது. இருமிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

சாறு நாடிப் படிவைக் கரைக்காது. உள்ளியும் இஞ்சியும் கறியில் நல்லவை. குடிப்பவர் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பிக் குளிசையை விட்டால்தான் பேராபத்து. வார்ஃபரின் எடுப்பவர்கள் உள்ளிச் சாற்றை அளவில்லாமல் குடித்தால் இரத்தம் மேலும் இளகலாம்.

ஏறாவூர் மகன்

என் உம்மாவுக்கு எக்கோ (ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடிப்பது) செய்து "35 வீதம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். இருதயத்தில் 65 வீதம் செத்துவிட்டது என்று நினைத்து வீடே அழுதுகொண்டிருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுக்கிறார், நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழும்புகிறார். முதலில் ஆஸ்துமா என்று ஓரிடத்தில் இரண்டு மாதம் மருந்து கொடுத்தார்கள். கொப்பியில் "இதயச் செயலிழப்பு" என்று இருக்கிறது. அப்படியென்றால் இருதயம் நின்றுபோகப் போகிறதா?

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

அழுவதை நிறுத்தச் சொல்லுங்கள் மகன், இதை வாசித்துக் காட்டுங்கள்.

இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இருதயமும் நூறு வீதம் தள்ளுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான். ஆகவே உம்மாவின் 35 என்பதை 100ஓடு வைத்துப் பார்க்கக் கூடாது, 60ஓடு வைத்துப் பாருங்கள். குறைவுதான், கவனிக்க வேண்டியதுதான். ஆனால் மருந்தால் அது ஏறக்கூடியது. 30இல் வந்து ஒரு வருடத்தில் 50க்கு ஏறியவர்களுக்கு நானே கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

"செயலிழப்பு" என்ற சொல்தான் ஆட்களைப் பயமுறுத்துகிறது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதே இல்லை. இருதயம் நிற்பது அல்ல அது, வேண்டிய அளவு தள்ள முடியாமல் களைத்துப்போவது. அதனால் தண்ணீர் கால்களிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது அதனால். மாரடைப்பு, நீண்டகால உயர் இரத்த அழுத்தம், வால்வுப் பழுது, மதுபானம், சில வைரஸ் காய்ச்சல்கள், பிள்ளைப்பேற்றை ஒட்டி வரும் தசைப் பலவீனம் என்று எந்த வழியாலும் வந்து சேரக்கூடிய இடம் இது. மற்ற வருத்தங்கள் எல்லாம் ஆறுகள் என்றால் இது அவை வந்து விழும் வாவி. உம்மாவுக்கு எந்த ஆற்றால் வந்தது என்று கேளுங்கள்.

வீட்டில் ஒரு தராசு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிட முன் நிறை பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். உடனே காட்ட வேண்டும். கருவாடு, மாசி, ஊறுகாய், பக்கற் முறுக்கு ஆகியவற்றை நிறுத்துங்கள். ஆரோக்கியமானவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது ஒரு தேக்கரண்டி அளவுதான். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் ஒரு துண்டு கருவாடே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

அக்கரைப்பற்று ஆசிரியை

மண்டூர் மகளிடம் ஒன்று கேட்கலாமா? அம்மாவுக்குச் சிறுவயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா?

மண்டூர் மகள்

ஆம் ரீச்சர்! அம்மம்மா சொல்லியிருக்கிறார். பத்து வயதில் முதலில் முழங்கால் வீங்கியதாம், அது வற்ற மணிக்கட்டு, பிறகு கணுக்கால். ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லையாம். எண்ணெய் போட்டுச் சுகமாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அதுவா காரணம்?

அக்கரைப்பற்று ஆசிரியை

பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வாதக் காய்ச்சல். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தபோதுதான் எனக்கே தெரியவந்தது.

ஒருவகைப் பற்றீரியாவால் தொண்டை நோ வருகிறது. இரண்டு மூன்று கிழமை கழித்து, அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய காப்பே ஆள் மாறி மூட்டையும் இருதய வால்வையும் தாக்குகிறது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில்தான் அதிகம். மூட்டு வீக்கம் தடமில்லாமல் ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு ஆறாது. பத்து, இருபது, முப்பது வருடம் கழித்து, பிள்ளை தாயான பிறகு, மூச்சு வாங்கத் தொடங்கும்.

என் மாணவிக்கு மூன்று கிழமைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. பெற்றோர் ஒரு வருடத்தில் நிறுத்தப் பார்த்தார்கள், "பிள்ளை நன்றாக ஓடி விளையாடுகிறாள், ஏன் குத்த வேண்டும்?" என்று. ஊசி பழைய காய்ச்சலுக்கு அல்ல, அடுத்தது வராமல் இருப்பதற்கு. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் திரும்ப வரும்போது வால்வில் இன்னொரு தழும்பு விழும். இருதயம் பாதிக்கப்படாத பிள்ளைக்கே குறைந்தது 5 வருடம் அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீண்டதோ அதுவரை போட வேண்டும். வால்வு பாதிக்கப்பட்டிருந்தால் 40 வயது வரையோ அதற்கு மேலுமோ போகும். அந்தத் தாயின் வீட்டுக்கு நான் நான்கு தடவை நடந்தேன். இப்போது ஊசி நாளன்று அவரே வந்து விடுமுறை கேட்கிறார்.

பிள்ளைகளின் தொண்டை நோவை, தயவுசெய்து, சாதாரணமாக விடாதீர்கள். மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி எழுதினால் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுவதையும் கொடுங்கள்.

திருக்கோவில் தாய்

வருத்தத்தோடேயே பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் துவாரம். பால் குடிக்கும்போது நெற்றி வேர்க்கும், இரண்டு மிடறு குடித்துவிட்டு மூச்சு வாங்குவான், நிறை ஏறவில்லை. எல்லோரும் என் பால் போதவில்லை என்றார்கள். மாமியாரிடமிருந்து அயலவர் வரை சொல்லாதவர் இல்லை. நிறை பார்க்க வந்த மருத்துவமாதுதான், "வேர்வையைப் பார்க்க எனக்குச் சரியாகப் படவில்லை" என்று அனுப்பி வைத்தார். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. இன்று ஏழு வயது, கடற்கரையில் பந்தடிக்கிறான்.

எல்லாத் துவாரத்துக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை, சிறிய துவாரங்கள் பல தாமாகவே மூடிவிடும் என்று அங்கே சொன்னார்கள். உதடும் நாக்கும் நீலம் பூக்கும் பிள்ளைகளுக்கு உள்ளது வேறு வகை, அதற்குத் தாமதம் கூடாது.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

அந்த மருத்துவமாதுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. எங்கள் நாட்டில் கர்ப்பகாலத் தாய் மரணங்களுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று இருதய நோய். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. சுருங்கிய வால்வு அதுவரை காட்டாத வருத்தத்தை அப்போது காட்டும். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்தவர்கள், துவாரம் இருந்தவர்கள், முதல் கிளினிக்கிலேயே மறைக்காமல் சொல்ல வேண்டும். கலியாணப் பேச்சுக்காக மறைத்து வைத்த வருத்தத்தைப் பிள்ளைப்பேற்று வாட்டில் கண்டுபிடித்த நாட்கள் எனக்கு இருக்கின்றன. வார்ஃபரின் எடுக்கும் இளம் பெண்கள் கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அது கருவைப் பாதிக்கும்.

காரைதீவான்

அண்ணன் கனடாவில் இருக்கிறார். அங்கே இரத்தம் இளகப் புதிய குளிசைகள் வந்துவிட்டன, மாதாமாதம் இரத்தம் குத்திப் பார்க்கத் தேவையில்லை என்கிறார். மண்டூர் அக்கா அம்மாவுக்கு அதைக் கேட்கலாமே?

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் தம்பி, ஆனால் இந்த அம்மாவுக்கு அல்ல. வால்வு நன்றாக உள்ள, துடிப்பு மட்டும் ஒழுங்கற்றவர்களுக்குப் புதிய குளிசைகள் மிக நல்லவை. வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின்தான். 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், இத்தகைய நோயாளிகளில் புதிய குளிசையான ரிவரொக்சபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். கனடாவில் உள்ளவருக்குப் பொருந்துவது மண்டூரில் உள்ளவருக்குப் பொருந்தாததற்குக் காரணம் நாடு அல்ல, வால்வு.

மகள், அம்மாவின் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முருங்கையிலை, வல்லாரை, பசளி போன்ற கீரைகளில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை, ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்கிறேன். மழை பெய்து முருங்கை தளிர்த்தது என்று ஒரு கிழமை முழுவதும் சுண்டி, அடுத்த கிழமை தொடாமல் விட்டால், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எண் தாறுமாறாகும்.

கல்லடிப் பேத்தி

அக்கா, மனத் துயரத்தால் இருதய வருத்தம் வருமா? 2004 கடல்கோளில் அம்மம்மா தன் இரண்டு பேரப்பிள்ளைகளை இழந்தார். அன்றைக்கு மாலையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நெஞ்சு வெடித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அவர் பிழைத்து இன்னும் பத்து வருடம் இருந்தார். அது என்ன வருத்தமென்று எங்களுக்கு ஒருநாளும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

அந்த நாட்களில் நானும் கடமையில் இருந்தேன், பிள்ளை. யாரையும் எக்கோ செய்து பார்க்க நேரமிருந்த நாட்கள் அல்ல அவை. அம்மம்மாவுக்கு வந்தது இதுதான் என்று இன்று நான் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு வருத்தம் உண்டு.

முதலில் ஜப்பானில்தான் அதை விவரித்தார்கள். பெரும் அதிர்ச்சி வந்தவுடன், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களில், இருதயத்தின் நுனிப் பக்கம் திடீரென்று சுருங்காமல் உப்பிவிடும். நோவும் ஈசிஜியும் மாரடைப்பைப் போலவே இருக்கும். நாடியைப் பார்த்தால் அடைப்பு இருக்காது. உப்பிய வடிவம், அங்குள்ள மீனவர்கள் பேய்க்கணவாய் பிடிக்கக் கடலில் இறக்கும் ஒடுங்கிய கழுத்துப் பானையைப் போல இருந்ததால் தகோட்சுபோ என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். எங்கள் கடலில் கடல்கோள் வந்த அதே 2004இல், ஒக்டோபரில், ஜப்பானின் நீகாட்டாப் பகுதியில் பூமி அதிர்ந்தபோது இந்த வருத்தத்தோடு வந்த பெண்களின் தொகை கூடியதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் இருதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எங்கள் ஆட்கள் "நெஞ்சு வெடித்தது" என்று சொன்னதை நான் அதற்குப் பிறகு ஒருநாளும் வெறும் பேச்சாக எடுத்ததில்லை.

கல்லடிப் பேத்தி

இருபது வருடத்துக்குப் பிறகு அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போது அம்மா சும்மா விழவில்லை" என்றார். நன்றி அக்கா.

வட்டைக்காரன், வெள்ளாவெளி

மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓடவிட்டு ஈசிஜி எடுத்தார்கள், பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்ஜியோகிராம், அதாவது இருதய நாடிகளைப் படம் பிடித்து அடைப்பைப் பார்ப்பது, செய்யத் திகதி தந்திருக்கிறார்கள். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையும் தந்தார்கள். பீடிக் கட்டை அவரே வாய்க்காலுக்குள் எறிந்தார்.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு

நல்ல வேலை செய்தீர்கள், தம்பி. அந்தக் குளிசையை உட்கார்ந்துகொண்டுதான் வைக்கச் சொல்லுங்கள், நின்றபடி வைத்தால் தலை சுற்றி விழுவார். வைத்து ஐந்து நிமிடத்தில் நோ விடாவிட்டால் 1990. ஆண்மைக்குறைவுக்கு ஏதாவது குளிசை எடுக்கிறாரா என்றும் மெல்லக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு இறங்கும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

மண்டூர் மகள்

எல்லோருக்கும் நன்றி. வட்டைக்கார அண்ணன் சொன்ன விதத்திலேயே அம்மாவுக்குச் சொன்னேன். முற்றத்து மணலில் குச்சியால் வாய்க்காலும் துரிசும் கீறிக் காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ பத்து வயதில் வந்த காய்ச்சலா இது?" என்று மட்டும் கேட்டார்.

டின் இரண்டாகிவிட்டது. அப்பாவுடையதில் நீலத் துணி, அம்மாவுடையதில் சிவப்பு. அடுத்த மாரிக்கு முன் இரண்டு கிழமைக்கு மேலதிகமாகக் குளிசை தர முடியுமா என்று கிளினிக்கில் கேட்டேன். ஐப்பசி கிளினிக்கில் ஞாபகப்படுத்தச் சொன்னார்கள், கொப்பியின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். பலூன் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று பார்க்க அடுத்த மாதம் எக்கோ. இரத்தப் பரிசோதனை எண் நேற்று 2.4, அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டுமாம்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்திருந்தார். தனக்கும் நெஞ்சு படபடக்கிறது, உன்னுடைய குளிசையில் ஒன்று தா என்று அம்மாவிடம் கேட்டார். நான் உள்ளே இருந்து எழுந்து வருவதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "எனக்குத் துரிசு பழுது, இவருக்கு வாய்க்கால் பழுது. உனக்கு என்ன பழுதென்று யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு என்னோடு வா."

பெரியம்மா வருகிறார். முதல் ஓடத்துக்குப் போகிறோம்.